கிருமிகளின் மருந்து எதிர்ப்பு: அறிய வேண்டிய சில சொற்கள்

அறிவியல் கருத்துகளைத் தாய்மொழியில் கூறும்பொழுது சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. "எதிர்ப்பு" என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். நோயை எதிர்த்து நிற்கும் உடலின் திறனை "நோய் எதிர்ப்பாற்றல்" என்கிறோம். கிருமிகளை அழிக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பாடநூல்கள் "உயிர் எதிர்ப்பொருள்" என்கின்றன. அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளின் தன்மையோ "மருந்து எதிர்ப்பு" எனப்படுகிறது. முதல் இரண்டும் மனிதனுக்குத் துணை செய்பவை. மூன்றாவது அவனுக்குப் பகையானது. மூன்றும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால் பொருள் மயக்கம் எளிதில் நேர்கிறது.

"அடிக்கடி மருந்து உட்கொண்டதால் உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று பலரும் கூறுவர். இக்கூற்றில் ஓர் அடிப்படைத் தவறு உள்ளது. மருந்துக்குப் பழகுவது உடம்பன்று. உடம்பில் வாழும் கிருமியே எதிர்ப்பைப் பெறுகிறது. உடம்பு பழகுவதாயின் இழப்பு ஒருவரோடு முடிந்துவிடும். கிருமி எதிர்ப்பைப் பெறுமாயின் அது வீட்டிலுள்ள பிறருக்கும், மருத்துவமனையின் அடுத்த படுக்கைக்கும், ஊரின் குடிநீருக்கும் செல்லக்கூடும். வாழ்நாளில் ஆன்டிபயாட்டிக் மாத்திரையையே உட்கொள்ளாத ஒருவரையும் அக்கிருமி தாக்கலாம். இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்தால், இப்பொருள் பற்றிய ஏனைய சொற்கள் எல்லாம் எளிதில் விளங்கும்.

மண்ணில் பிறந்த மருந்து

கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், தலைநகரிலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், விதுரா ஊராட்சியைச் சேர்ந்தது கல்லாறு. அதே பெயருடைய சிற்றாறு பாறைகளுக்கிடையே தெளிந்த நீராய் ஓடி வாமனபுரம் ஆற்றோடு சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இத்தகைய காடுகளில் முதல் மழை பெய்தவுடன் எழும் மண்வாசனையை அறியாதார் இலர். அவ்வாசனைக்குப் பெரிதும் காரணமாவது ஜியோஸ்மின் என்னும் பொருள். அதனை உண்டாக்குபவை முதன்மையாக ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்தைச் சேர்ந்த மண் பாக்டீரியாக்கள்.

இன்று மருந்தாகப் பயன்படும் ஆன்டிபயாட்டிக்குகளில் பெரும்பகுதி இந்த இனத்திலிருந்து கிடைத்தவையே. 1943-ல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், 1947-ல் வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து பிரிக்கப்பட்ட நுண்ணுயிரி தந்த குளோராம்பெனிகால், 1948-ல் வெளிவந்த ஆரியோமைசின் ஆகியவை இவ்வகையின. ஆரியோமைசின் உருவான லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சிப் பணிகளுக்குத் தலைமை தாங்கியவர் ஆந்திரத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு நுண்ணுயிரி பிறிதொன்றை ஒடுக்குவதற்காக உண்டாக்கும் வேதிப்பொருளும், அதனை ஒட்டி ஆய்வகத்தில் ஆக்கப்படும் பொருளும் ஆன்டிபயாட்டிக் எனப்படுகின்றன. இவை பாக்டீரியாக்களின் மீதே செயற்படும். சளி, சளிக்காய்ச்சல், டெங்கு முதலியவற்றை விளைவிக்கும் வைரஸ்களின் மீது இவற்றுக்கு எவ்வித ஆற்றலும் இல்லை.

நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரி அந்நஞ்சினின்று தன்னைக் காத்துக்கொள்ளவும் வழி பெற்றிருக்க வேண்டும். அதன் அண்டை உயிரிகளும் காலப்போக்கில் அத்தகைய வழிகளைத் தேடிக்கொண்டன. எனவே மருந்து எதிர்ப்பு என்பது மருந்துத் தொழிற்சாலைகள் தோன்றிய பின்னர் முளைத்ததன்று. வட கனடாவின் யூக்கான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில் பெனிசிலின் வகை, டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் மரபணுக்கள் இருந்தமை 2011-ல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதி பற்றிய செய்தி 1940-ல் வெளியாயிற்று. முதல் நோயாளிக்கு ஆக்ஸ்போர்டில் பெனிசிலின் தரப்பட்டதோ 1941-ல் தான். எதிர்ப்பு பழைமையானது, அது நோய்க்கிருமிகளிடையே இவ்வளவு விரைவாகப் பரவுவதே புதியது. இப்பரவலுக்கு மனிதனே பொறுப்பாகிறான்.

இயல்பான எதிர்ப்பும் பெற்ற எதிர்ப்பும்

ஒரு கிருமியின் அமைப்பினாலேயே ஒரு மருந்து அதன்மேல் செயற்படாமற்போவது "இயல்பான எதிர்ப்பு" ஆகும். பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கும் மருந்து. மைகோபிளாஸ்மா என்னும் கிருமிக்குச் செல்சுவரே இல்லை. ஆகவே பெனிசிலினால் அதனை ஒன்றும் செய்ய இயலாது. இது முன்னரே தெரிந்த செய்தியாதலால் மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார். இதனால் இடர் மிகுதியில்லை.

முன்பு ஒரு மருந்துக்குக் கட்டுப்பட்டிருந்த கிருமியினம் பின்னர் அதற்குக் கட்டுப்படாமற்போவது "பெற்ற எதிர்ப்பு" ஆகும். மக்கள் நலத்துக்குக் கேடாய் இருப்பது இதுவே. இதனைக் கிருமிகள் இரு வழிகளில் அடைகின்றன. ஒன்று, தன் மரபணுவில் நிகழும் மாற்றம். மற்றொன்று, பிற கிருமியிடமிருந்து வந்து சேரும் மரபணு.

சடுதி மாற்றமும் தேர்வு அழுத்தமும்

ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியா தக்க சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. தடையின்றிப் பெருகினால் ஒரு பாக்டீரியம் பத்து மணி நேரத்தில் நூறு கோடிக்கு மேற்பட்டதாகிவிடும். ஒவ்வொரு பிரிவின்போதும் மரபுச் செய்தி படியெடுக்கப்படுகிறது. படியெடுப்பில் எப்போதாவது நேரும் பிழையே "சடுதி மாற்றம்". பெரும்பாலான பிழைகளால் கிருமிக்கு நன்மையில்லை. எங்கோ ஒன்று, ஒரு மருந்து வந்து பற்றும் இடத்தின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. அக்கிருமியை அம்மருந்து அதன்பின் தாக்குவதில்லை.

இம்மாற்றத்தை மருந்து உண்டாக்குகிறதா என்னும் ஐயம் நெடுநாள் இருந்தது. அமெரிக்க அறிவியலாளர்களான ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் ஆகியோர் 1952-ல் வெளியிட்ட சோதனை இதனைத் தெளிவுபடுத்தியது. ஸ்ட்ரெப்டோமைசினை ஒருபோதும் சந்தித்திராத பாக்டீரியாக் கூட்டத்திலேயே அதனை எதிர்க்கும் சில உயிரிகள் இருந்தமையை அவர்கள் காட்டினர். மருந்து எதிர்ப்பைப் படைப்பதில்லை. இருக்கும் எதிர்ப்பைத் தேர்ந்தெடுக்கிறது. கட்டுப்படுபவை மடிகின்றன, கட்டுப்படாதவை காலியான இடத்தில் பெருகுகின்றன. மருந்தின் இவ்விளைவே "தேர்வு அழுத்தம்" எனப்படும்.

தேவையின்றி உட்கொள்ளப்படும் ஒவ்வொரு மாத்திரையும் இவ்வழுத்தத்தைக் கூட்டுகிறது. வைரஸால் வந்த சளிக்கு ஆன்டிபயாட்டிக் உட்கொள்பவரின் நோய் அதனால் குறைவதில்லை. ஆயினும் அவர் குடலில் தீங்கின்றி வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் மீது மருந்து செயற்படுகிறது. அவற்றுள் எதிர்ப்புடையவை எஞ்சுகின்றன. பயனில்லாத மருந்து தீங்கில்லாத மருந்தன்று என்பது இதனால் பெறப்படும்.

காசநோய்க்கு ஒரே காலத்தில் பல மருந்துகள் தரப்படுவதன் காரணமும் இங்கே விளங்கும். ஐசோனியசிட் மருந்தை எதிர்க்கும் மாற்றம் காசநோய்க் கிருமிகளில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒன்றிலும், ரிஃபாம்பிசினை எதிர்க்கும் மாற்றம் பத்துக் கோடியில் ஒன்றிலும் நேரலாம். இரண்டும் ஒரே கிருமியில் தாமாக அமைவது இவ்விரு எண்களின் பெருக்கற்பலனில் ஒன்று என்ற அளவுக்கு அரிதாகும். நோயாளி ஒருவரின் உடலில் அத்தனை கிருமிகள் இருப்பதில்லை. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனித்துத் தந்த பிரிட்டிஷ் ஆய்வில் எதிர்ப்பு விரைவில் தோன்றியமை 1948-ல் வெளியாயிற்று. அதன்பின் கூட்டு மருந்து முறையே நிலைபெற்றது. 1956-ல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், கூட்டு மருந்தை வீட்டிலிருந்தே பெறும் நோயாளிகளும் சானட்டோரியத்தில் தங்குபவர்களைப் போலவே குணமடைவதை மெய்ப்பித்தது. அம்மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

கைமாறும் எதிர்ப்பு: கோழிக்கோடு, 1972

எதிர்ப்பைப் பெறும் இரண்டாவது வழியை விளக்கக் கேரளத்திலேயே புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. டைபாய்டு காய்ச்சலுக்கு மருந்தில்லாத காலத்தில், நோயுற்றவருள் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை இறந்தனர். 1948-ல் மலேயாவின் கோலாலம்பூரில் குளோராம்பெனிகால் இந்நோயைக் குணப்படுத்துவது கண்டறியப்பட்டது. அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் அதுவே டைபாய்டின் தலையாய மருந்தாக விளங்கியது.

1972-ல் கோழிக்கோட்டில் இம்மருந்துக்குக் கட்டுப்படாத டைபாய்டு பரவிற்று. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் அறிஞர் சி. கே. ஜெயராம் பணிக்கரும் கே. என். விமலாவும் அந்நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளை ஆராய்ந்தனர். அவ்வாண்டே "நேச்சர்" இதழில் வெளியான அவர்களுடைய குறிப்பு, இவ்வெதிர்ப்பு ஒரு பாக்டீரியத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக்கூடியது என்பதை எடுத்துரைத்தது. அதே ஆண்டில் மெக்சிகோ நாட்டிலும் குளோராம்பெனிகாலுக்கு அடங்காத டைபாய்டு பெருமளவில் பரவிப் பல்லாயிரம் பேரைத் தாக்கியது. அனந்தநாராயணனுடன் பணிக்கர் இணைந்து எழுதிய நுண்ணுயிரியல் பாடநூலை இந்திய மருத்துவ மாணவர் பல தலைமுறையாகப் பயின்று வருகின்றனர்.

கைமாறுவது எவ்வாறு? பாக்டீரியாவின் பெரிய மரபு இழையாகிய குரோமோசோமுக்குப் புறம்பாக, வளைய வடிவில் சிறிய டி.என்.ஏ. துண்டுகள் அதனுள் இருக்கக்கூடும். இவையே "பிளாஸ்மிட்" எனப்படுபவை. இரு பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று தொட்டு, இடையே ஏற்படும் இணைப்பின் வழியாகப் பிளாஸ்மிட்டின் ஒரு படியை ஒன்று மற்றொன்றுக்குத் தருகிறது. இதற்கு "இணைவு" என்பது பெயர். பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ் வழியாக மரபணு செல்லுதல் "ஊடுகடத்தல்"; மடிந்த கிருமியின் டி.என்.ஏ. துண்டைப் பிறிதொன்று உள்ளேற்றல் "மரபுமாற்றம்". பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதற்கு மாறாக, அண்டையில் இருப்பவற்றுக்கிடையே நிகழ்வதால் இம்மூன்றும் "கிடைமட்ட மரபணுப் பரிமாற்றம்" எனத் தொகுத்துச் சுட்டப்படுகின்றன.

இதில் கருதத்தக்க செய்திகள் இரண்டு. முதலாவது, கொடுப்பதும் பெறுவதும் ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை. தீங்கற்ற குடல் பாக்டீரியாவிடமிருந்து டைபாய்டுக் கிருமி எதிர்ப்பைப் பெறலாம். இரண்டாவது, ஒரே பிளாஸ்மிட்டில் பல மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கலாம். அந்நிலையில் ஒரு மருந்தை மிகுதியாகப் பயன்படுத்தினாலும் ஏனைய மருந்துகளுக்குரிய எதிர்ப்பும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கப்படும். ஜப்பானில் 1950-களில் சீதபேதிக் கிருமிகள் ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு அடங்காமற்போன மர்மம் இவ்வாறே விடுபட்டது.

எதிர்ப்பின் நான்கு வழிகள்

மரபணு எவ்வழியில் வந்ததாயினும், அது கிருமிக்கு அளிக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

முதலாவது, மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதி. பெனிசிலின் வகை மருந்துகளின் மூலக்கூறில் உள்ள பீட்டா-லாக்டம் வளையத்தை உடைக்கும் நொதிகள் பீட்டா-லாக்டமேஸ் எனப்படும். குளோராம்பெனிகாலோடு ஒரு வேதித்தொகுதியை ஒட்டவைத்து அதனைப் பயனற்றதாக்கும் நொதியும் இவ்வகையினதே.

இரண்டாவது, இலக்கின் மாற்றம். பூட்டின் உள்ளமைப்பு மாறினால் பழைய சாவி பயன்படாததுபோல, மருந்து பற்றும் புரதம் மாறிவிட்டால் மருந்து பயன்படாது. மெதிசிலின் மருந்து புழக்கத்துக்கு வந்த சிறிது காலத்துக்குள், 1961-ல், பிரிட்டனில் அறியப்பட்ட எதிர்ப்புடைய ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி இதற்குச் சான்று.

மூன்றாவது, வெளியேற்றும் பம்பு. செல்லின் சவ்வில் அமைந்த புரதங்கள் உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகின்றன. ஒரே பம்பு பலவகை மருந்துகளை வெளியேற்றுவதும் உண்டு.

நான்காவது, நுழைவாயில் அடைப்பு. சில பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் உள்ள துளைகள் குறைவதாலோ குறுகுவதாலோ மருந்து உட்புக இயலாமற்போகிறது.

சோதனைக்கூடச் சொற்கள்

ஒரு கிருமி மருந்துக்கு அடங்குமா என்பதை நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் கூற இயலாது. இரத்தம், சிறுநீர் அல்லது சளியிலிருந்து கிருமியை வளர்த்தெடுப்பது "வளர்சோதனை". வளர்ந்த கிருமியின் மீது மருந்துகளைச் சோதிப்பது "மருந்து உணர்திறன் சோதனை". கிருமி பூசிய தட்டில் மருந்து தோய்ந்த சிறு வட்டத்தாள்களை வைத்தால், மருந்துக்கு அடங்கும் கிருமி தாளைச் சுற்றி வளராது. அவ்வெற்றிடத்தின் விட்டம் அளக்கப்பட்டு, வரையறுத்த அளவோடு ஒப்பிடப்படுகிறது.

கிருமியின் வளர்ச்சியைக் கண்ணுக்குத் தெரியும்படி தடுக்கத் தேவைப்படும் மருந்தின் மிகக் குறைந்த செறிவு "குறைந்தபட்சத் தடைச்செறிவு" எனப்படும். இது உடலில் எட்டக்கூடிய செறிவினும் மிகுந்துவிடுமாயின் அம்மருந்தைத் தருவதால் பயனில்லை. எதிர்ப்பு என்பது இருக்கிறது, இல்லை என்னும் இருநிலை மட்டுமன்று. இடைப்பட்ட படிகளும் உண்டு என்பதை இவ்வளவை உணர்த்துகிறது.

ஒரு மருத்துவமனையில் அல்லது மாநிலத்தில் ஓராண்டில் வளர்த்தெடுக்கப்பட்ட கிருமிகளில் எவை எம்மருந்துக்கு எத்தனை விழுக்காடு அடங்கின என்பதைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை "ஆன்டிபயோகிராம்". சோதனை முடிவு வருமுன்னரே சிகிச்சையைத் தொடங்க வேண்டிய மருத்துவருக்கு இது வழிகாட்டி. மருந்து கொள்முதலைத் திட்டமிடும் அலுவலருக்கும் பயன்படுவது.

பல மருந்து எதிர்ப்பும் எதிர்ப்பின் சுமையும்

டைபாய்டின் பிற்கால வரலாறு மேலும் சில சொற்களை விளக்குகிறது. 1980-களின் இறுதியில் குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் ஆகிய மூன்றையும் எதிர்க்கும் டைபாய்டு இந்தியாவில் பரவிற்று. டைபாய்டைப் பொறுத்தவரை இதுவே "பல மருந்து எதிர்ப்பு". பொதுவாக, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்து வகுப்புகளில் வகுப்புக்கு ஒன்றேனும் பயன்படாதபோது இச்சொல் ஆளப்படுகிறது. காசநோயில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரண்டையும் எதிர்ப்பதே பல மருந்து எதிர்ப்பு ஆகும். நோய்க்கு நோய் வரையறை வேறுபடுவதைப் புள்ளிவிவரங்களைப் படிப்போர் மறத்தலாகாது.

பின்னர் சிப்ரோஃபிளாக்சசின் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு பத்தாண்டு கழிவதற்குள் அதன் ஆற்றலும் குன்றத் தொடங்கியது. இம்முறை காரணம் பெரும்பாலும் கிருமியின் குரோமோசோமில் நேர்ந்த சடுதி மாற்றமாகும். 2016 நவம்பர் முதல் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்து ஐதராபாத்தில், இவற்றோடு செஃப்ட்ரியாக்சோன் வகையையும் எதிர்க்கும் டைபாய்டு தோன்றியது. இது "விரிந்த மருந்து எதிர்ப்பு" எனப்படுகிறது. வாய்வழி உட்கொள்ளும் மருந்துகளுள் அசித்ரோமைசின் ஒன்றே அங்கு நம்பத்தக்கதாக எஞ்சியது. 1972-ல் கோழிக்கோட்டில் கண்ட பிளாஸ்மிட்டும், பின்னர் நேர்ந்த சடுதி மாற்றமும் ஒரே நோயில் வந்து கூடியமையை இங்குக் காணலாம்.

நம்பிக்கையளிக்கும் ஒரு செய்தியும் உண்டு. குளோராம்பெனிகாலின் பயன்பாடு குறைந்த பிறகு, அம்மருந்துக்கு அடங்கும் டைபாய்டுக் கிருமிகள் இந்தியாவின் பல இடங்களில் மீண்டும் காணப்பட்டன. எதிர்ப்பு மரபணுவைப் பேணுவது கிருமிக்குச் செலவாகும். மருந்து இல்லாத சூழலில் அச்செலவு வீண். இதனை "எதிர்ப்பின் சுமை" எனலாம். சுமையுடைய கிருமி சுமையற்ற கிருமியோடு போட்டியிட்டுப் பின்தங்கும். ஆயினும் எல்லா எதிர்ப்பும் இவ்வாறு மறைவதில்லை. சில மாற்றங்கள் கிருமிக்குச் சுமையாக அமைவதே இல்லை.

மலையிலிருந்து கடல் வரை

எதிர்ப்பு மருத்துவமனைச் சுவர்களுக்குள் நிற்பதன்று. 2008-ல் புதுதில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய நோயாளி ஒருவரிடம் கார்பபெனம் என்னும் உயர்வகை மருந்துகளைச் சிதைக்கும் புதிய நொதி கண்டறியப்பட்டது. அதற்கு என்.டி.எம்.-1 என்று பெயரிடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட பன்னாட்டு ஆய்வு 2010-ல் வெளியாயிற்று. அதில் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா மற்றும் பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 கிருமி மாதிரிகளில் இந்நொதிக்குரிய மரபணு இருந்தமை கூறப்பட்டது. மறு ஆண்டில் வெளியான ஆய்வில், புதுதில்லியின் 171 தேங்கு நீர் மாதிரிகளில் 51-லும், 50 குழாய் நீர் மாதிரிகளில் 2-லும் அம்மரபணு காணப்பட்டது. ஊரின் பெயர் நொதிக்கு இடப்பட்டது குறித்து அந்நாளில் கடும் விவாதம் நிகழ்ந்தது. நீரில் மரபணு இருந்த செய்தியே நிலையான பாடமாகும்.

கல்லாற்றின் நீரைக் கொண்டுசெல்லும் வாமனபுரம் ஆறு 88 கிலோமீட்டர் தொலைவு ஓடி அஞ்சுதெங்குக் காயலை அடைகிறது. தலைநீர் காட்டினூடே வருவது. கீழ்நீர் ஊர்களினூடே செல்வது. எந்த ஓர் ஆற்றின் கரையிலும் மனிதர் குடியிருப்பும் மருத்துவமனையும் கால்நடைக் கொட்டிலும் கோழிப்பண்ணையும் மீன் வளர்ப்பும் அமைகின்றன. இவற்றின் கழிவு தூய்மைப்படுத்தப்படாமல் கலக்குமாயின், மருந்தின் எச்சமும் எதிர்ப்புடைய கிருமியும் ஒரே நீரில் சந்திக்கின்றன. அங்கே தேர்வு அழுத்தமும் பிளாஸ்மிட் பரிமாற்றமும் ஒருசேர நிகழ வாய்ப்பு ஏற்படுகிறது. மனிதர், விலங்கு, சூழல் ஆகிய மூன்றின் நலத்தையும் ஒன்றாகக் கருதும் "ஒரே நலம்" என்னும் கோட்பாடு இதற்கும் பொருந்தும்.

இறுதிக் கட்ட மருந்தாகிய கோலிஸ்டினை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட்டில் இருப்பது 2015-ல் சீனாவில் விலங்குகளிடமும் மனிதரிடமும் கண்டறியப்பட்டது. உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் தருவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது.

கணக்கிலும் ஆட்சியிலும் வழங்கும் சொற்கள்

2019-ஆம் ஆண்டில் பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்போடு தொடர்புடையவையாக உலகில் 49.5 இலட்சம் இறப்புகளும், அவற்றுள் எதிர்ப்பே நேர்க்காரணமாக 12.7 இலட்சம் இறப்புகளும் நிகழ்ந்தன என்பது பன்னாட்டு மதிப்பீடு. இவ்விரு எண்களையும் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. எதிர்ப்புடைய கிருமியால் தாக்கப்பட்டு இறந்தோர் அனைவரும் முதல் எண்ணில் அடங்குவர். அதே நோய் மருந்துக்கு அடங்கும் கிருமியால் வந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியோர் இரண்டாம் எண்ணில் அடங்குவர். 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற அரசியல் தீர்மானம், முதல் எண்ணை 2030-க்குள் பத்து விழுக்காடு குறைப்பதைக் குறிக்கோளாகக் கொண்டுள்ளது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2017-ல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தது. அமாக்சிசிலின் போன்று முதலில் பயன்படுத்தத்தக்கவை "அணுகு" தொகுதி. சிப்ரோஃபிளாக்சசின், அசித்ரோமைசின், செஃப்ட்ரியாக்சோன் போன்று எதிர்ப்பைத் தூண்டும் வாய்ப்பு மிக்கவை "கண்காணி" தொகுதி. கோலிஸ்டின், லினசோலிட் போன்று வேறு வழியில்லாதபோது மட்டும் பயன்படுத்த வேண்டியவை "சேமி" தொகுதி. மனிதர் பயன்படுத்தும் ஆன்டிபயாட்டிக்குகளுள் 70 விழுக்காடேனும் முதல் தொகுதியைச் சார்ந்திருக்க வேண்டும் என்பதும் மேற்கூறிய தீர்மானத்தின் இலக்கு.

இந்தியாவில் 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த "எச்1 அட்டவணை", மூன்றாம், நான்காம் தலைமுறைச் செஃபலோஸ்போரின்கள், கார்பபெனம்கள், காசநோய் மருந்துகள் முதலியவற்றை உள்ளடக்கியது. இவற்றை விற்கும் மருந்துக் கடை, மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். தேசியச் செயல்திட்டம் முதன்முதலாக 2017-ல் வெளியிடப்பட்டது. 2025 நவம்பரில் இரண்டாம் திட்டம் வெளிவந்தது.

மாநில அளவில் முதன்முதலாகச் செயல்திட்டம் வகுத்தது கேரளம். 2018 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டம் மக்கள் நலம், கால்நடை, மீன்வளம், சூழல் ஆகிய துறைகளை ஒன்றிணைக்கிறது. மாநில ஆன்டிபயோகிராமும் வெளியிடப்பட்டு வருகிறது. மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்க 2024 ஜனவரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "ஆப்பரேஷன் அமிர்த்" நடவடிக்கையைத் தொடங்கிற்று. இம்மருந்துகளை நீல நிற உறையில் இட்டுத் தரும் முறையும் அவ்வாண்டே கொண்டுவரப்பட்டது. எழுத்தறிவு குறைந்தோரும் நிறத்தைக் கொண்டு மருந்தின் வகையை அறிந்துகொள்ள இது உதவும். வீடுகளில் எஞ்சும் மருந்துகளைத் திரட்டி அழிக்கும் திட்டம் 2025-ல் கோழிக்கோட்டில் தொடங்கப்பட்டது.

தடுப்பே முதல் மருந்து

விற்பனையைக் கட்டுப்படுத்துவதால் மட்டும் இச்சிக்கல் தீர்ந்துவிடாது. சீட்டு எழுதும் மருத்துவர் எட்டாத தொலைவில் இருக்கும் மலையூர்களுக்கு மருந்துக் கடையே மருத்துவமனையாக இருப்பதும் உண்டு. கடையை மட்டும் அடைத்தால், உண்மையாகவே மருந்து தேவைப்படும் குழந்தைக்கும் அது கிட்டாமற்போகும். உலகின் பல பகுதிகளில் எதிர்ப்பால் இறப்போரோடு, எளிய ஆன்டிபயாட்டிக் உரிய வேளையில் கிடைக்காமல் இறப்போரும் உள்ளனர். ஆகவே கட்டுப்பாடும் ஆரம்பச் சுகாதார நிலையத்தின் வளர்ச்சியும் சேர்ந்தே நடைபெற வேண்டும். வளர்சோதனை செய்யும் வசதி மாவட்டத் தலைநகருக்குக் கீழும் பரவ வேண்டும்.

வராத நோய்க்கு மருந்து வேண்டியதில்லை. தூய குடிநீரும் கழிப்பிட வசதியும் டைபாய்டைத் தடுக்கின்றன. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் உருவாக்கிய டைபாய்டு இணைத் தடுப்பூசியை, விரிந்த மருந்து எதிர்ப்பால் துன்புற்ற பாகிஸ்தான் 2019 நவம்பரில் தன் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. மருத்துவமனையில் கை கழுவுதலும் இவ்வகையில் ஒரு மருந்தே. இவை கிருமியின் மீது தேர்வு அழுத்தம் செலுத்தாமலே நோயைக் குறைப்பவை.

1954-ல் பூனாவை அடுத்த பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் அமைக்கப்பட்டபோது, பெனிசிலினை உள்நாட்டிலேயே ஆக்கி மக்களுக்குப் போதிய அளவில் கிடைக்கச் செய்வதே நாட்டின் முன்னிருந்த பணியாக இருந்தது. அப்பணி பெரிதும் நிறைவேறியுள்ளது. கிடைத்த மருந்தின் ஆற்றலைக் காப்பது இன்றைய பணியாகும். காடும் ஆறும் நிலத்தடி நீரும்போல ஆன்டிபயாட்டிக்கின் ஆற்றலும் பொதுச் சொத்தே. ஒருவர் வீணாக்கும் பகுதி அனைவருக்கும் குறைகிறது. "உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று கூறும் நோயாளியிடம், "பழகியது உடம்பன்று, கிருமி" என்று எடுத்துரைக்கும் செவிலியரும், பதிவேட்டை முறையாக எழுதும் மருந்தாளுநரும், கழிவுநீரைச் சோதிக்கும் பொறியாளரும் இச்சொத்தின் காவலர்களாவர்.